ரீல் என்றால் சுருள்

பழைய அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் 'ஒன் ரீலர்' என்பதை, அதாவது ஒரே ரீலில் முடிந்துவிடும் படத்தை, குறும்படம் என்று தமிழாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை. குறும்படம் என்றால் சின்னதாக இருக்கட்டும் என்று முடிவு செய்து எடுத்தது. 1909-ல் அங்கே ஒரு ரீல் ஓடினால் அதுதான் முழுப்படம்.

ரீல் என்பது பழைய ஆங்கிலத்தில் நூல் சுற்றும் கருவி. பிற்பாடு பிலிம் சுற்றும் சக்கரத்துக்கும், அதில் சுற்றிய பிலிமுக்கும் அதே பேர் வந்து, கடைசியில் அது ஓடும் நேரத்துக்கே அளவாகிவிட்டது. ஒரு ரீல் சுமார் 1000 அடி. 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம்; நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் அடிக்கு ஒரு நொடி, ஆக மொத்தம் 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையால் சுற்றிய காலம் என்பதால் வேகம் கூடும், குறையும்.

இந்த அளவுக்குள் என்னவெல்லாம் அடங்கியது என்பதற்கு, இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் பயோகிராஃப் என்ற படக் கம்பெனிக்காக 1909-ல் எடுத்த 'எ கார்னர் இன் வீட்' ஒன்றே போதும். நிலத்தில் விதைக்கும் உழவர்கள், கோதுமை மொத்தத்தையும் வளைத்துப்போடும் முதலாளி, 5 சென்ட் ரொட்டி 10 சென்ட் ஆகிவிட்ட கடையில் ஏழைகள். அந்தக் கடைக் காட்சி ஒன்றில் எல்லோரும் அப்படியே சிலை மாதிரி அசையாமல் நிற்கிறார்கள், பார்க்கவே நெஞ்சை அடைக்கும். முதலாளி கடைசியில் தன் கோதுமைக் கிடங்கிலேயே தவறி விழ, மேலே தானியம் கொட்டிக்கொண்டே இருக்கிறது, கை மட்டும் வெளியே தெரிகிறது.

1911-ல் அதே கிரிஃபித் 'ஈனாக் ஆர்டன்' கதையை இரண்டு ரீலாக எடுத்தபோது, கம்பெனி அதை இரண்டு தனிப் பாகமாக வேறு வேறு நாளில்தான் வெளியிட்டது. ரீல் கணக்கு அவ்வளவு கறாராக இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுருள் என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. சுருள்முடி, வெற்றிலைச் சுருள், படச்சுருள் என்று புழங்குகிற சொல். இதே வேரில் பிறந்த சுருட்டுதான் ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆனது. 'ரீல் விடாதே' என்பதையும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸையும் மாற்றத் தேவையில்லை, அவை வேறு பொருளில் வேரூன்றிவிட்டன. ஆனால் ஒன் ரீலருக்கு ஒற்றைச்சுருள் படம், டூ ரீலருக்கு இரட்டைச்சுருள் படம் என்று எழுதினால் அந்த 1000 அடிக் கணக்கும் கூடவே வந்துவிடும்.