கிளியண்ணைக்கு எத்தனை பெயர்?

யாழ்ப்பாணத்தில் பலருடைய பதிவுப்பெயர் மரண அறிவித்தல் நோட்டீசில்தான் ஊருக்குத் தெரியவரும். கிளியண்ணை என்றே காலமெல்லாம் கூப்பிட்டிருப்போம். அடைப்புக்குறிக்குள் ‘கிளி’ என்று போடாவிட்டால் ஒழுங்கையில் ஒருத்தருக்கும் ஆள் ஆரென்று விளங்காது. நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுகிற தொகுப்பான் (compiler), முழு எண், எழுத்து போன்ற தரவு வகைகளை எப்படி நினைவில் வைக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நான் கிளியண்ணையைத்தான் கூப்பிடுவேன்.

சி என்ற நிரல்மொழியில் ரைப்டெஃப் (typedef) போட்டு, முழு எண்ணுக்கான ‘இன்ற்’ (int) வகைக்கு ‘விலை’ என்று இன்னொரு பெயர் வைக்கிறோம். சுட்டி என்றால் இன்னொரு தரவு இருக்கும் நினைவக முகவரியை வைத்திருப்பது. ஒரு மாறி விலைக்குச் சுட்டி, மற்றது இன்றுக்குச் சுட்டி. இரண்டும் ஒரே வகையா?

“எழுத்தைப் பார்த்து ஒப்பிடுமோ சேர்?” என்றாள் ஒருத்தி.

எழுத்தை ஒப்பிட்டால் பிழையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பெயரை அவிழ்த்து உள்ளே போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் நிரலின் ஒவ்வொரு கோவையிலும் (‘அ + ஆ’ மாதிரியான கணக்கில்) இந்தக் கேள்வி வரும்.

கிளாங் (Clang) என்ற சி தொகுப்பான் ஒரு வகையை முதல் தடவை காணும்போது அதற்கு நினைவகத்தில் ஒரு கணு, அதாவது அதன் விவரத்தை வைக்க ஒரு சின்னப் பெட்டி, கட்டுகிறது. ‘இன்றுக்குச் சுட்டி’ என்றால் ஒரு சுட்டிக் கணு, அதிலிருந்து இன்ற் கணுவுக்கு ஒரு தொடுப்பு. அதே வகை திரும்ப வந்தால் புதிதாகக் கட்டாது. எதையும் சட்டென்று தேடி எடுக்க உதவும் ஹாஷ் அட்டவணையில் தேடிப் பழைய கணுவின் முகவரியையே நீட்டும். (உத்தி பழசு. ஒரே கோவையை இரண்டு முறை கணிக்காமலிருக்க, சோவியத் அறிஞர் அந்திரேய் எர்ஷோவ் 1958இலேயே இப்படித் தேடினார்.) விலைக்குத் தனிக் கணு உண்டு. ஆனால் ஒவ்வொரு கணுவும் தன் ‘பதிவுப்பெயர்’க் கணு எது என்பதையும் வைத்திருக்கும். இரண்டு வகையும் ஒன்றா என்றால், அந்த இரண்டு முகவரியும் ஒன்றா என்று பார்த்தால் முடிந்தது.

அப்படியென்றால் செல்லப்பெயரை ஏன் எறியவில்லை? பிழைச்செய்திக்காக. கிளாங் நாம் எழுதிய ‘விலை’யை முதலில் போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘இன்ற்’ என்று காட்டும். நோட்டீசில் போடுவதைத் தலைகீழாகப் போடுகிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். கணுக்கள் எல்லாம் 16இன் மடங்கான முகவரிகளிலேயே இருப்பதால், முகவரியை 0, 1 ஆக எழுதினால் கடைசி 4 பிற்றுகளும் (இலக்கங்களும்) எப்போதும் 0. அதில் மூன்றில் கொன்ஸ்ற் (const), வொலற்றைல் (volatile), ரெஸ்றிக்ற் (restrict) என்று வகைக்கு முன்னால் சேர்க்கும் அடைமொழிகளை எழுதிவைக்கிறது. ‘கொன்ஸ்ற் இன்ற்’ என்று வேறு கணு தேவையில்லை. வேலியோரத்து வெறும் நிலத்தில் நாலு கத்தரி நடுகிற புத்தி.

பல தரவுகளை உறுப்புகளாக ஒன்றுசேர்க்கும் ஸ்ரக்ற் (struct) வேறு கதை. உள்ளே உறுப்புகள் அச்சொட்டாக ஒன்றாயிருந்தாலும், வேறு பெயரில் அறிவித்தால் வேறு வகைதான். அதனால் தொகுப்பான் பெயரைக் கண்டதும் வெற்றுக் கணு ஒன்றைப் பதிந்துவிட்டு, உறுப்புகளைப் பிறகு நிரப்புகிறது. இணைப்புப்பட்டியலில் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் பட்டியலில்) ஒரு ஸ்ரக்ற் தன் வகைக்கே சுட்டி வைத்திருக்க முடிவது இதனால்தான்: சுட்டியின் அளவு முன்பே தெரியும், உள்ளே இருப்பது தெரியத் தேவையில்லை. எழுத்தை ஒப்பிடுமோ என்று கேட்ட அதே பிள்ளை போனகிழமை, சுட்டி என்று காட்டும் நட்சத்திரக்குறியை விட்டுவிட்டு ஸ்ரக்றுக்குள் அதே ஸ்ரக்றையே வைத்தாள். வகை இன்னும் முழுமையாகவில்லை என்று தொகுப்பான் நிறுத்திவிட்டது. நிரப்பி முடியாத கணுவின் அளவை அது எங்கே போய்க் கேட்கும்?