பென்சிலினின் பெயரில் ஒரு பேனா: சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை வளர்த்திருந்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதையும், அதைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்துபோயிருப்பதையும் கண்டார். பென்சிலினுக்கு வழிவிட்ட அந்தக் கண்டுபிடிப்பின் நினைவாக, அமெரிக்கப் பேனா வடிவமைப்பாளர் டேவிட் ஆஸ்கார்சன் ஃபிளெமிங்கின் பெயரிலேயே ஒரு சேகரிப்புப் பேனாவை வெளியிட்டிருக்கிறார். ஸ்டெர்லிங் வெள்ளியாலான உடலில் எந்திரத்தால் நுண்ணிய கோலம் கீறி, அதன் மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் சுட்டு உருவாக்கும் எனாமல் வேலைதான் அவருடைய பேனாக்களின் அடையாளம். விலை லட்சங்களில் இருக்கும்.

ஊற்றுப் பேனாக்களைப் பழுது பார்ப்பதும், நிப்புகளைச் சீர் செய்வதும், கேட்பவர்களுக்கு மதிப்பீடு சொல்வதும் என் தொழில். இந்த வகைப் பேனாக்கள் என் மேசைக்கு வரும்போது, அதிகம் எழுதியதால் தேய்ந்து வருபவை மிகக் குறைவு. எழுதாமலே கெட்டுப்போனவையும், தவறாகப் புரிந்துகொண்டு வாங்கப்பட்டவையுமே மிகுதி.

வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். ஃபிளெமிங் தம் பூஞ்சையை வளர்த்து, சிறு கண்ணாடி வில்லைகளுக்குள் அடைத்து, பின்புறம் கையொப்பமிட்டுப் பிரமுகர்களுக்குக் கொடுத்துவந்தார். அத்தகைய வில்லை ஒன்று 2017இல் லண்டன் ஏலத்தில் 11,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. அந்த விலை அவர் கை பட்ட பொருளுக்கான விலை. நினைவுப் பேனாவோ நம் காலத்துப் பொற்கொல்லரின் கைவேலை. அதன் மதிப்பு உலோகத்தையும், வேலைப்பாட்டையும், எத்தனை பேனாக்கள் செய்யப்பட்டன என்பதையும், பெட்டியும் சான்றிதழும் உடன் இருக்கின்றனவா என்பதையும் பொறுத்தது. “அறிவியல் வரலாற்றின் ஒரு துண்டு உங்கள் கையில்” என்று விற்பவர் சொன்னால், அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம் என்பதே என் கருத்து.

எண்ணிக்கையிலும் குழப்பம் நேர்வதுண்டு. மான்ட் பிளாங்க் நிறுவனம் ஐன்ஸ்டைன் பெயரில் வெளியிட்ட பேனாவில் எண்ணிக்கை வரம்பில்லாத சிறப்புப் பதிப்பு ஒன்று, 3,000 பேனாக்கள் மட்டும் கொண்ட பதிப்பு ஒன்று, 99 மட்டும் கொண்ட பதிப்பு ஒன்று என மூன்று நிலைகள் உள்ளன. மூன்றையும் “ஐன்ஸ்டைன் லிமிடெட்” என்று ஒரே பெயரால் அழைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பேனாவில் பொறித்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தங்க நிப்பு என்று சொல்லப்படும் பேனாவின் நிப்பில் ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று மட்டும் பொறித்திருந்தால், அது மலிவான எஃகு நிப்பாகவே இருக்கும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இனிப் பராமரிப்பு. ஸ்டெர்லிங் வெள்ளி என்பது 92.5 சதவீத வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. இதற்குப் பெரும் பகை கந்தகம். கந்தகம் பட்ட வெள்ளியின் மேல் கருமை படரும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேகரிப்பவர்களில் பலர் கவனிப்பதில்லை. சான்றிதழையும் பேனாவையும் சேர்த்துக் கட்டிய ரப்பர் பேண்ட் ஒரு காரணம். பெட்டிக்குள் விரித்த கம்பளித் துணி இன்னொன்று. மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு பேனா. கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர்தான் எபோனைட் என்பதால், பழைய எபோனைட் பேனாக்களையும் வெள்ளிப் பேனாக்களையும் ஒரே மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்தால், வெள்ளி கறுப்பதை வியப்பாகக் கருத முடியாது. பழைய செல்லுலாய்ட் பேனாக்கள் இதைவிட ஆபத்தானவை. அவை சிதையத் தொடங்கும்போது வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் ஈரத்துடன் கலந்து அமிலமாகி, அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். இவற்றைத் தனித்தனியாக, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது நல்லது.

கறுத்த வெள்ளியைப் பூஜைப் பாத்திரம் போல விபூதியாலோ பற்பசையாலோ தேய்த்துக் கொண்டுவருபவர்கள் உண்டு. அந்தப் பொடி கோலத்தின் நுண்ணிய பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். பற்பசையோ கோட்டின் கூர்மையையே மழுக்கிவிடும். மெல்லிய பருத்தித் துணி போதும். நகைக்கடைகளில் உள்ள அல்ட்ராசோனிக் தொட்டியிலும் எனாமல் பேனாவை இறக்கக் கூடாது; எனாமல் கண்ணாடி என்பதால், கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏற்கெனவே இருந்தால் அந்த அதிர்வில் அது விரிந்து சில்லாகப் பெயர்ந்துவிடும்.

உண்மையில், இந்தப் பேனாக்களில் அறிவியல் கண்டுபிடிப்பு குடியிருக்கும் இடம் உடலின் கோலம் அன்று, நிப்பின் நுனி என்றே எனக்குத் தோன்றும். பிளாட்டினத் தாதுவை ஆராய்ந்த வில்லியம் வொல்லாஸ்டன் 1802இல் பல்லேடியத்தைக் கண்டறிந்தார். அவருடைய கூட்டாளி ஸ்மித்சன் டெனன்ட் அதே தாதுவின் எச்சத்திலிருந்து 1803இல் இரிடியத்தையும் ஆஸ்மியத்தையும் பிரித்தறிந்தார். மென்மையான தங்க நிப்பின் நுனியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கடின உலோகத்தைப் பற்றவைத்த பிறகே தங்க நிப்பு தேயாமல் எழுதத் தொடங்கியது. இத்தாலியின் விஸ்கோன்டி நிறுவனம், எட்னா எரிமலையின் லாவாவைக் கலந்து உடல் செய்த ஹோமோ சேப்பியன்ஸ் பேனாவில், 23 காரட் பல்லேடிய நிப்பையே பொருத்தியிருந்தது. அத்தகைய நிப்பு மென்மையானது. பால்பாயின்ட் பேனாவால் மூன்று நகல் எடுக்கும் பழக்கத்தில் அழுத்தினால் அதன் இரு பற்களும் விரிந்துவிடும். நண்பர்களுக்கு எழுதிப் பார்க்கக் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மை விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வரைபடத்துக்குப் பயன்படும் இந்தியன் இங்க்கில் கரியும் அரக்கும் கலந்திருக்கும். அது நிப்புக்கு அடியிலிருந்து மையைக் கொண்டுதரும் நாக்கின் மெல்லிய வழிகளில் காய்ந்துவிட்டால் பல வேளைகளில் நாக்கையே மாற்ற நேரிடும். அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் துவர்ப்பொருளும் சேர்ந்த இரும்பு மை அமிலத்தன்மை உடையது. தங்க நிப்பு அதைத் தாங்கும், எஃகு உறுப்புகள் அவ்வளவு தாங்கமாட்டா. சாதாரணச் சாய மையே போதுமானது. எழுதாத பேனாவில் மையை விட்டு வைக்காமல், உப்பு நீரைத் தவிர்த்து, வடித்த நீராலோ ஆர்.ஓ. நீராலோ கழுவி உலர்த்தி வையுங்கள். வெந்நீரும் வேண்டாம், சானிடைசரும் வேண்டாம். முன்னது எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும், பின்னது ரெசின் என்னும் பிளாஸ்டிக் உடலில் வெடிப்புகளை உண்டாக்கக்கூடும்.

இவ்வளவு கவனித்தும் பேனா கைதவறி விழுந்து எனாமல் பெயர்ந்துவிட்டால், பெயர்ந்த சில்லை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, தயாரித்தவருக்கே படத்துடன் எழுதிக் கேளுங்கள். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் சுட்டு உருவான பூச்சு அது. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய இயலாது. நகப்பூச்சாலும் எபாக்சிப் பசையாலும் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வரும் பேனாவில், அந்த நிரப்பலைச் சுரண்டி எடுக்கும் வேலையில் பக்கத்து எனாமலும் சேர்ந்து பெயர்வதுண்டு. எனவே தயாரித்தவரிடமிருந்து பதில் வரும்வரை அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.