தோலில் குரோமியம் 6: ஐரோப்பாவின் 3 மில்லிகிராம் விதி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூ, கையுறை, பெல்ட், வாட்ச் பட்டை எதுவானாலும், அதன் தோல் உடம்பில் படும் என்றால் இந்த விதி பொருந்தும். உலர்ந்த தோலின் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ குரோமியம் 6 (ஒவ்வாமை தரும் குரோமிய வகை) இருந்தால், அந்தப் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரசாயனச் சட்டமான ரீச்சின் 17ஆம் இணைப்பில் 47ஆம் பதிவாக வரும் இந்தக் கட்டுப்பாடு 2015 மே 1 முதல் அமலில் உள்ளது. ‘3 வரை பரவாயில்லை’ என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு, சரியாக 3 வந்தாலும் சரக்கு நிற்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு ஷூவில் மேல்தோல், லைனிங், உள் அட்டைத் தோல் என்று மூன்று வகை இருந்தால், உடம்பில் படும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். மேல்தோல் சுத்தமாக இருந்து ஆட்டுத்தோல் லைனிங்கில் 5 வந்தால் ஜோடி முழுவதும் தோல்விதான். மூன்றையும் கலந்து ஒரே சாம்பிளாக டெஸ்ட் செய்த ரிப்போர்ட்டை நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

குரோமியம் 6 தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது, பிறகு சிறிது பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் திரும்பி வரும். சட்டப்படி ஐரோப்பிய இறக்குமதியாளர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்றாலும், ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பையும் திரும்பப் பெறும் செலவையும் அவர் உங்கள் தலையில் எழுதியிருப்பார்.

தோலைப் பதப்படுத்த டேனரியில் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். அதில் இருப்பது குரோமியம் 3, இந்த விதி அதைத் தடுக்கவில்லை. தோலுக்குள் இருக்கும் அந்தக் குரோமியம் 3, ஆக்சிஜன் ஏறி குரோமியம் 6 ஆவதுதான் சிக்கல். அது தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மிலும் நடக்கலாம், உலர்த்தும் அறையிலும் நடக்கலாம், தோல் குடோனில் கிடக்கும்போதும் நடக்கலாம். அதனால்தான் இன்று பாஸான தோல் இரண்டு மாதம் கழித்து அங்கே போய் ஃபெயில் ஆகிறது.

முதல் காரணம் எண்ணெய். மீன் எண்ணெய் போன்ற, எளிதில் சிக்கேறும் எண்ணெயில் செய்த ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்க ஏற்றும் எண்ணெய்க் கலவை), சூட்டிலும் வெயிலிலும் பெராக்சைடாக மாறி குரோமியத்தைத் தாக்கும். விலை குறைவு என்று ஃபேட்லிக்கரை மாற்றும்போது, பழைய ரிப்போர்ட் இந்தத் தோலுக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். செம்மறித் தோலில் இயற்கைக் கொழுப்பே அதிகம், அதை முதலில் நன்றாக நீக்க வேண்டும்.

அடுத்தது பி.எச். தோலின் அமிலத்தைக் குறைக்கும் நியூட்ரலைசேஷனில் 6.5ஐத் தாண்ட விடக் கூடாது. சாயம் ஊறுவதற்காக க்ரஸ்ட்டை (பதப்படுத்தி உலர்த்திய, ஃபினிஷ் செய்யாத தோலை) அமோனியாவில் நனைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைக் கைவிடுவதே நல்லது. கடைசியில் தோலின் பி.எச் 3.5க்கும் 4க்கும் இடையில் நிற்கும்படி அமிலத்தில் முடித்து, நன்றாக அலசுங்கள். ஃபினிஷிங்கில் லெட் குரோமேட் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருப்பதே குரோமியம் 6தான்.

நம்பகமான பாதுகாப்பு, இரண்டாம் முறை பதப்படுத்தும் ரீடேனிங்கில் 1 முதல் 4 சதவீதம் வரை தாவரத் துவர்ப்பு சேர்ப்பது. வாட்டில், தாரா போன்றவை ஆக்சிஜன் ஏறுவதைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். வெள்ளைத் தோலிலும் வெளிர் நிறத்திலும் சாயல் மாறும் என்பதால் முன்கூட்டியே ஷேட் கார்டு போட்டுப் பார்க்க வேண்டும். ஃபினிஷ் ஆன தோலின்மேல் வெறும் ஆன்டி ஆக்சிடன்ட் ஸ்ப்ரே அடித்து டெஸ்டுக்கு அனுப்புவதை வழிமுறையாகக் கொள்ளாதீர்கள். மேற்பரப்பு தற்காலிகமாக அடங்கும், உள்ளே இருக்கும் காரணம் அப்படியே இருக்கும்.

டெஸ்டுக்கு ஐஎஸ்ஓ 17075 என்று கேளுங்கள். அதன் முதல் பகுதியில், அரைத்த தோலை பாஸ்பேட் பஃபரில் 3 மணி நேரம் குலுக்கி, வடிநீரில் டைபினைல் கார்பசைடு சேர்ப்பார்கள். குரோமியம் 6 இருந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு எழும். கறுப்பு, அடர்சிவப்புத் தோலில் கசியும் சாயம் இந்த நிறத்தைக் குழப்பக்கூடும். அப்போது அயன் குரோமட்டோகிராபியில் அளக்கும் இரண்டாம் பகுதிதான் பாதுகாப்பு. கூடவே 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து முதிர்வித்த பிறகும் அளக்கச் சொல்லுங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் வறண்ட குடோனிலும் சூடான கன்டெய்னரிலும் இந்தத் தோல் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிக் காட்டுவது இதுதான். ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே போகும் அறையில் தோலைக் குவித்து வைக்கவும் கூடாது.

ஆர்ட்டிகிள், நிறம், டிரம் மாறினால் புது லாட், புது சாம்பிள். ஒவ்வொரு லாட்டுக்கும் எந்த ஃபேட்லிக்கர், எந்த பேட்ச் நம்பர், முடிவு பி.எச் என்ன என்று டிரம் கார்டில் எழுதி, ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். பையர் கேள்வி கேட்கும் நாளில் கையில் இருக்க வேண்டியது இந்த அட்டைதான்.

இதே தோலுக்கு அசோ சாய விதியும் உண்டு, சில அசோ சாயங்கள் சிதைந்து வெளியாகும், தடை செய்யப்பட்ட அமீன் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஒரே சாம்பிளில் கேட்டுக்கொள்ளலாம்.

சாம்பிளை க்ரஸ்ட் நிலையிலேயே ஒருமுறை அனுப்புங்கள். க்ரஸ்ட் ஃபெயில் ஆனால் மறுபடி நனைத்து, அமிலத்தில் அலசி, தாவரத் துவர்ப்பு ஏற்றி, எண்ணெயை மாற்றிச் சரிசெய்ய முயலலாம். வெட்டித் தைத்து சோல் ஒட்டிய ஷூவை எந்த டிரம்மிலும் போட முடியாது.