எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?

குழந்தை பிறந்து மூன்று வாரமான ஒரு பெண்ணை அவருடைய அம்மா என்னிடம் கூட்டிவந்தார். இருமல், அதுவும் படுத்தால்தான் வருகிறது, இருமல் மருந்து இரண்டு பாட்டில் காலியாகியும் நிற்கவில்லை. இதய மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன், ராத்திரி எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று. அம்மா முந்திக்கொண்டார். "அவ எங்க டாக்டர் படுக்கிறா, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்னு சுவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்கிடுறா." அந்தப் பெண் தலையை ஆட்டினார். "பாலுக்காக இல்லம்மா, படுத்தா மூச்சு முட்டுது."

எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தோம். இதயத்தின் இடது கீழறை தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ள வேண்டும். அவருக்கு 30 சதவீதம்தான். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை இப்படிப் பலவீனமாவதற்குப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்று பெயர். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து, பிறந்து 5 மாதம் வரைக்கும், அதுவரை இதயத்தில் எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் இது வரலாம்.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சகஜம்தானே என்பீர்கள். ஆமாம், சகஜம்தான், அதனால்தான் நோயும் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. கர்ப்பிணியின் உடலில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, துடிப்பும் வேகமெடுக்கிறது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல்) இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர், அது தெரியாமலே இருபது வருடம் ஓடியாடி வேலை செய்திருப்பார். கர்ப்பத்தில் அந்தக் குறுகிய வழியே அவ்வளவு ரத்தமும் போக முடியாமல் நுரையீரலில் தேங்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. படுத்தால் மூச்சுத் திணறல், நடு ராத்திரியில் திணறி எழுந்து உட்காருவது, படுத்தால் இருமல், படபடப்போடு மயக்கம், இதெல்லாம் அப்படியில்லை, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரி அதுவும் ஒலி அலைதான்.

பிரசவத்தோடு ஆபத்து முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். கர்ப்பப்பை சுருங்கும்போது அதிலிருந்த ரத்தமும், அப்புறம் கால் வீக்கத்தில் தேங்கிய நீரும் இதயத்துக்கே திரும்புகின்றன. முதல் இரண்டு மூன்று நாள் நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அதனால்தான்.

ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில் போன்றவை சிசுவைப் பாதிக்கலாம், ஆனால் செயற்கை வால்வு இருப்பவர் பயந்து போய்த் தானாக வார்ஃபரினை நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் உறைந்துவிடலாம்.

இன்னொன்று, எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு. கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது பிரஷர் ஆபத்தாக ஏறும் நோய், வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரஷர் இறங்கியதும் அந்த ஃபைல் பீரோ மேலே போய்விடுகிறது. நாற்பது வயதில் நெஞ்சு அழுத்தம், தாடை வலி, குமட்டல் என்று வரும்போது கேஸ் தொல்லை என்று சொல்லி அனுப்பப்படுவதும் பல சமயம் இவர்கள்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் 30 என்பது 50 ஆனது. இப்போது ஒரே தலையணை. அடுத்த குழந்தையைப் பற்றி அவர் கேட்டபோது, இதயம் தேறியிருந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் இது திரும்பலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். அடுத்த முறை கணவரையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.