குறைந்த ஒலியில் மனம் நிறைய வேண்டும்: ஹெட்ஃபோன் வாங்குவோருக்கு ஒரு செவித்திறன் நிபுணரின் குறிப்பு

செவித்திறன் சோதனை முடிந்து எழும்போதுதான் பலரும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்: "பாட்டுக் கேட்பதற்கு எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்?" ஒரு நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. எந்த ஹெட்ஃபோனில் குறைந்த ஒலியிலேயே பாட்டு நிறைவாகக் கேட்கிறதோ அதை வாங்குங்கள் என்பேன். ஒலியைக் கூட்டினால்தான் சுவைக்கிறது என்றால், எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கியதானாலும் அது உங்கள் காதுக்கு ஏற்றதல்ல.

இதை விரிவாக எழுதத் தூண்டியவை என் மேசைக்கு வரும் ஆடியோகிராம்கள், அதாவது செவித்திறன் வரைபடங்கள். கப்பல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் பல்லாண்டு உழைத்தவர்களின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இரைச்சல் காதைத் தின்றதன் அடையாளம் அது. இப்போது அதே பள்ளத்தின் தொடக்கத்தை, இயந்திரங்களின் பக்கமே போகாத இளையர் சிலரிடமும் பார்க்கிறேன். எத்தனை மணி நேரம் பாட்டுக் கேட்பீர்கள் என்று விசாரித்தால், காலையில் ரயில் ஏறுவது முதல் இரவு தூங்கும்வரை என்று பதில் வருகிறது.

உட்செவியில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள்தான் உள்ளன. ஒலியதிர்வை நரம்புக்குப் புரியும் செய்தியாக மாற்றுபவை அவை. கோழிக்கும் மீனுக்கும் அவை அழிந்தாலும் மீண்டும் முளைக்கும், மனிதர்களுக்கு முளைப்பதில்லை. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் ஓர் அளவை வகுத்தன. பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்: 83 டெசிபெல்லில் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம், 95ஐத் தொட்டால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே ஒன்றேகால் மணி நேரம். பிள்ளைகளுக்கான அளவு இன்னும் குறைவு. 75 டெசிபெல்லில் 40 மணி நேரம். ஒலியை 3 டெசிபெல் கூட்டும்போது காதுக்கு எதுவும் பெரிதாக மாறியதாகத் தெரியாது. அணுக்கள் சுமக்கும் பாரமோ இரு மடங்காகியிருக்கும்.

நம் சிங்கப்பூரில் ஒலி கூடுவதற்கு முதல் காரணம் எம்ஆர்டி ரயில். டௌன்டவுன் பாதையும் வட்டப்பாதையும் முழுக்கத் தரைக்கடியில் ஓடுகின்றன. சுரங்கச் சுவர்களில் மோதித் திரும்பும் உறுமல் பெட்டிக்குள் நிறைகிறது. அந்த உறுமலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் பாட்டில் உள்ள மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்க ஒலியையும் பேஸ் கிட்டாரையும் அது முதலில் மூடிவிடுகிறது. பாட்டு மெலிந்துவிட்டதாக உணர்ந்து விரல் தானாக ஒலியைக் கூட்டுகிறது. வெளியே வந்த பிறகும் அதே அளவிலேயே கேட்கிறோம். ரயிலில் கேட்பவர் ஹெட்ஃபோனில் முதலில் பார்க்க வேண்டியது, வெளி இரைச்சலை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான்.

தடுப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மெத்தையும் கிண்ணமும் காதைச் சுற்றி இறுக்கமாக மூடி, பேச்சு, கிறீச்சிடும் சக்கரம் போன்ற உயர்ந்த அதிர்வெண்களை மறிப்பது ஒன்று. மற்றொன்று மின்னணு முறையிலான இரைச்சல் நீக்கம். வெளியிலுள்ள ஒலியை நுண்ணிய மைக்குகள் கவர்ந்து, அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்ஃபோனே உருவாக்கி உள்ளே அனுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அமெரிக்கப் பொறியாளர் அமர் போஸ் 1978இல் விமானத்தில் பறந்தபோது இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது. அது விமானிகளுக்கான கருவியாக விற்பனைக்கு வந்தபோது ஆண்டு 1989. தாழ்ந்த, சீரான உறுமலை இந்த முறை அருமையாக அடக்கும். பக்கத்து இருக்கையில் நடக்கும் தொலைபேசி உரையாடலை அந்த அளவுக்கு அடக்காது. கடையில் பேச்சுச் சத்தம் குறையவில்லையே என்று ஒரு நல்ல கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். இதனால் காதுக்குள் கதிர்வீச்சு புகுமா என்று அம்மாக்கள் கவலையோடு கேட்பதுண்டு. இரைச்சல் நீக்கம் உண்டாக்குவது வெறும் ஒலியலைதான். சிலருக்கு மட்டும் காது அடைத்தது போன்ற உணர்வு வரும். அப்படி வந்தால் வேறு கருவியைப் போட்டுப் பாருங்கள்.

சாலையைக் கடக்கும்போதும், மிதிவண்டிகள் பாயும் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கும்போதும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது வெளி ஒலியை உள்ளே விடும் முறைக்கு மாற்றுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பின்புறம் திறந்த வகை ஹெட்ஃபோன்கள் தனி உலகம். சென்ஹைசர் நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய எச்டி 414 இந்த வகையில் முதலாவது. கிண்ணத்தின் பின்பக்கம் மூடப்படாததால் ஒலி தலைக்குள் அடைபடாமல் சபையில் உட்கார்ந்து கேட்பது போல விரிகிறது. கச்சேரிப் பதிவுகளை இரவில் வீட்டில் அமைதியாகக் கேட்பவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் கருத்து. ஆனால் உள்ளிருக்கும் பாட்டு வெளியே கேட்கும். வெளியிலுள்ளது அப்படியே உள்ளே வரும். வீவக அடுக்குமாடி வீட்டில் தம்பி அதே அறையில் தேர்வுக்குப் படிக்கிறான் என்றால் சரிப்படாது. ரயிலுக்கு அறவே ஆகாது.

மெத்தை காதைச் சுற்றி எங்கும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். நான் பார்த்தவரையில் அதிகம் பேர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மூக்குக்கண்ணாடியின் தடித்த கால் மெத்தைக்கு அடியில் ஓர் இடைவெளியை உண்டாக்கினால் போதும், தாழ்ந்த ஒலிகள் அந்த வழியே கசிந்துவிடும். இரைச்சல் நீக்கமும் பலவீனமாகும். பெரிய தோடு, ஜிமிக்கி, அடர்ந்த பின்னல், தலையை மூடும் துடுங் துணி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கசிந்ததை ஈடுகட்ட ஒலி கூட்டப்படுகிறது. கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. வழக்கமாக அணியும் கண்ணாடியோடும் தோடோடும் துடுங்கோடும் ஹெட்ஃபோனைப் போட்டு, பாட்டு ஓடும்போது இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி திடீரென்று பொங்கினால் அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலையில் சரியாகப் படியவில்லை. மென்மையான, ஆழமான மெத்தை உள்ள வேறொன்றை எடுங்கள். காது மடல் முழுதும் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும். மடலின் மேல் அமர்ந்து நசுக்கினால் அரை மணி நேரத்தில் வலிக்கும்.

ஒலித்தரத்தைப் பற்றிக் கேட்டால், விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 40,000 ஹெர்ட்ஸையும் பொருட்படுத்த வேண்டாம். மனிதக் காதின் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ்; வயதாக ஆக அதுவும் இறங்கும். கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டென்றால் அது மின்தடை. 250, 300 ஓம் கொண்ட கம்பி ஹெட்ஃபோன்களைக் கைபேசியில் செருகினால் பெரும்பாலும் போதிய வலுவில்லாமல் பாட்டு சோர்ந்து ஒலிக்கும். 32 ஓம் அளவிலானவை பொதுவாகச் சிரமம் தருவதில்லை. கம்பியில்லாமல் அனுப்பப் பாட்டைச் சுருக்கும் முறையான புளூடூத் கோடெக் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மெத்தை படிகிறதா என்பது அதைவிடப் பலமடங்கு முக்கியம்.

உங்கள் பாட்டை உங்கள் கைபேசியில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அந்தக் கருவியின் பலத்தைக் காட்டத் தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம். தம்பூராவும் குரலும் மிருதங்கமும் உள்ள ஒரு பதிவே போதும். தம்பூராவின் ரீங்காரம் குரலுக்குப் பின்னால் தனி இழையாகத் தொடர்ந்து கேட்க வேண்டும். பாடுபவர் 'ச', 'ஸ' சொல்லும்போது காதில் கீறக் கூடாது. தொப்பியில் பிறக்கும் கும்கி எனும் வளைந்தோடும் ஒலி எழுந்து அடங்குவது தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லா அடியும் ஒரே 'தும்' என்று குழம்பினால் பேஸை மிகைப்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவையும் மிதமான ஒலியில் செய்யுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்று சற்றுச் சத்தமாக இருந்தால்கூட அதுவே சிறந்தது என்று மூளை முடிவுகட்டிவிடும். இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி சரிசெய்த பிறகே தீர்மானியுங்கள். சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகிலுள்ள அடெல்ஃபி கட்டடத்தின் ஒலிக்கருவிக் கடைகளில் பல வகைகளையும் போட்டுக் கேட்க முடியும். கூட்டம் இல்லாத வார நாள் மதியத்தில் போய், பிடித்ததைத் தலையிலேயே ஒரு கால் மணி நேரம் வைத்திருங்கள். ஏறத்தாழ 250 கிராம் எடையுள்ளவை பலருக்கும் உறுத்துவதில்லை. 400 கிராமை நெருங்கும்போது கழுத்து சொல்லத் தொடங்கிவிடும்.

நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் செயற்கைத் தோல் மெத்தைகளுக்கு எதிரி. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்து, கறுப்புச் செதில்களாக உதிர்ந்து காதிலும் கழுத்திலும் ஒட்டும். உரிந்த மெத்தை நன்றாகப் படியாது. அதன் விளைவு மறுபடியும் ஒலியைக் கூட்டுவதுதான். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா, நீங்களே கழற்றி மாட்ட முடிகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வெல்வெட் போன்ற துணி மெத்தை வியர்வைக்கு இதமானது, ஆனால் இரைச்சலைக் குறைவாகவே தடுக்கும். வியர்த்தால் துடைத்து உலரவிடுங்கள்; காதில் சீழோ அரிப்போ இருக்கும்போது அணியவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது '85 டெசிபெல்லுக்கு மேல் போகாது' என்ற வாசகம் பெற்றோருக்கு மிகுந்த நிம்மதி தருகிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் 75 டெசிபெல் அளவைவிட 10 டெசிபெல் அதிகம் என்றால், அனுமதிக்கப்பட்ட 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. அது ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு. வரம்பு உள்ள ஹெட்ஃபோனை வாங்குங்கள், நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். ஐபோனில் ஒலி அமைப்புகளுக்குள் ஹெட்ஃபோன் பாதுகாப்பு என்ற பகுதியில் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதி உள்ளது. 75 டெசிபெல் வரை இறக்கி வைக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிலும் ஒலி வரம்பு வசதி உண்டு.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, சிங்கப்பூரில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. மனம் மாறியதற்கு அது பொருந்தாது.

குறை என்று பலரும் கொண்டுவருவது, ஒரு பக்கம் மங்கலாகக் கேட்கிறது என்பதைத்தான். கடைக்குப் போகும் முன் ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கல் மறு காதுக்கு மாறினால் பழுது கருவியில் உள்ளது. கருவியை மாற்றிப் போட்ட பின்னும் அதே காதிலேயே மங்கல் நின்றால், பலதுறை மருந்தகத்தில் காட்டிச் செவித்திறன் சோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். பெரும்பாலும் காதுக்குறும்பியாகவே இருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது திடீரென்று மந்தமாகியிருந்தால், பரிந்துரைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பு சார்ந்த திடீர்ச் செவிக்குறைபாட்டுக்கான ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ, கேட்கும் திறன் திரும்புவதற்கான வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது.