விரல் அசையுதுங்களே, டாக்டர்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். பள்ளிக்கூட லீவுக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போனவள், தேங்காய்க் களத்தில் ஓடும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மூன்று நாளாக விளக்கெண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். "விரலை நல்லா மடக்கறாளுங்க, வீக்கமும் பெருசா இல்லீங்க. வெறும் சுளுக்குன்னு இருந்துட்டோம்" என்றார் அமுச்சி.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, எலும்பின் மேலேயே ஒற்றை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு வந்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும் பேச்சை நிறுத்திக் கையை இழுத்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் சரியாக அந்த இடத்தில்தான் எலும்பின் ஓரம் லேசாகப் புடைத்திருந்தது. அதுவும் முறிவுதான்.

காய்ந்த விறகு சட்டென்று இரண்டாகும். பச்சை வேப்பங்குச்சி வளையும், ஒரு பக்கம் மட்டும் பிளக்கும். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி. அதைச் சுற்றியிருக்கும் உறையும் தடிமன். அதனால் முறிந்த பிறகும் கை நேராகவே தெரியலாம், விரலும் அசையலாம். நான் பார்ப்பது வேறு இரண்டு: ஒரே இடத்தில் தொட்டால் வலி, அந்தக் கையைக் குழந்தை தானாகவே ஒதுக்கி வைப்பது. ஒன்றரை வயதுக் குழந்தை விழுந்த பின் காலை ஊன்ற மறுத்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றாலும் விட மாட்டேன். முழங்காலுக்குக் கீழே விழும் மயிரிழைக் கீறல் சில சமயம் பத்து நாள் கழித்துத்தான் படத்தில் தெரியும்.

இந்தப் பெண்ணுக்கு மூன்று வாரக் கட்டு போதுமாக இருந்தது. நான் பயப்படுவது முழங்கைக்கு. திண்ணையிலிருந்தும் கொய்யா மரத்திலிருந்தும் விழும் ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறியும். கைக்குப் போகும் ரத்தக்குழாய் அதை ஒட்டியே போகிறது. அந்த வீக்கத்தின் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடலாம். யார் போட்ட கட்டாக இருந்தாலும் சரி, வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிவிட்டால் அலறினாலோ, விரல் ஜில்லிட்டு வெளுத்தாலோ நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

விழுந்த கையை இழுக்கவும் வேண்டாம், உருவவும் வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை அடியில் கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, இருந்த நிலையிலேயே கூட்டி வாருங்கள். அழுகையை நிறுத்த வழியில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால், வயிறு காலியாகும்வரை மணிக்கணக்கில் குழந்தை வலியோடு காத்துக் கிடக்கும்.