பிஷப் ஏறிய மண்மேடு

என் மேசைமேல் ஒரு பிஷப் நிற்கிறார். நீளம் ஐந்தரை சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக நூறில் ஒரு பங்காகச் சுருக்கிய பீரங்கி வண்டி அது. வேலன்டைன் டாங்கியின் உடம்பு, அதன்மேல் பெரிய இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் பிரிட்டனின் 25 பவுண்டர், அதாவது சுமார் 25 பவுண்டு எடைக் குண்டை வீசும் பீரங்கி.

1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இறங்கிய வண்டி இது. இழுத்துக்கொண்டு போகும் பீரங்கியை அவிழ்த்து நிறுத்திச் சுடுவதற்குள் எதிரி டாங்கி இடம் மாறிவிடும். சரி, பீரங்கியையே டாங்கிமேல் ஏற்றிவிடலாம் என்றார்கள். யோசனை நல்லதுதான், பெட்டிதான் காலை வாரியது. பெட்டிக்குள் பீரங்கிக் குழாயை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்த முடியவில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியவர்களுக்குத் தெரியும், குழாயை 45 டிகிரிக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் தண்ணீர் தூரம் போகும். காற்றின் தடையை விட்டுவிட்டால், கோணத்தை இரட்டித்து அதன் சைன் மதிப்பைப் பார்த்தால் போதும். 45க்கு 90, சைன் 1. 15க்கு 30, சைன் 0.5. அதாவது பாதி! தரையில் வைத்துச் சுட்டால் 12 கிலோமீட்டர் தாண்டும் பீரங்கி, பிஷப்பில் ஏறியதும் 6 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. பள்ளிக் கணக்கு இவ்வளவு பொருந்துவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.

வீரர்கள் மண்ணைக் குவித்துச் சாய்மேடு கட்டி, வண்டியின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தினார்கள். மேட்டின் சரிவு 10 டிகிரி என்றால் குழாய்க்கு 25 கிடைக்கும். தூரம் பாதியிலிருந்து முக்கால் பங்காகும். ஆனால் வந்த வேகத்தில் சுட வேண்டிய வண்டி, மண்வெட்டிக்காகக் காத்து நின்றது.

அப்புறம் அமெரிக்காவின் பிரீஸ்ட் என்ற பீரங்கி வண்டி வந்தது: திறந்த மேல்பக்கம், 105 மில்லிமீட்டர் பீரங்கி, 35 டிகிரி. இயந்திரத் துப்பாக்கி நிற்கும் வட்டமேடை சர்ச் பிரசங்க மேடை மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு பிரிட்டனிடம் இல்லாத குண்டுகளைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் கனடா, 25 பவுண்டரையே வைத்து செக்ஸ்டன் கட்டியது. செக்ஸ்டன் என்றால் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் நம் ஊர் கோயில்பிள்ளை. பிஷப்பைவிட இவர்தான் வேலைக்காரர்.

விளையாட்டில் வேறொரு சிக்கல். வண்டியின் அளவிலேயே தூரத்தையும் சுருக்கினால் செக்ஸ்டனின் குண்டு 120 மீட்டர் போகும். என் மேசையோ 1.8 மீட்டர். பக்கத்துத் தெருவிலிருந்துதான் சுட வேண்டும்! அதனால் விதிகளில் தூரத்தை இன்னும் அதிகமாகச் சுருக்குவார்கள், அல்லது பீரங்கி மேசைக்கு வெளியே நிற்பதாக வைத்துக்கொள்வார்கள். கோணத்தை மட்டும் சுருக்க முடியாது. 15 டிகிரி இங்கேயும் 15தான். அட்டையை வெட்டி, பசை தடவி, மணல் தூவி ஒரு குட்டிச் சாய்மேடு செய்தேன். பிஷப் இப்போது அதன்மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.